‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கவைத்த சந்தனமேரி அம்மையாருக்கு

குளத்தூர் வட்டத்துக் குழந்தைகளின் கூரிய அறிவுக்குச் சாணை பிடித்த கோமகளே! விடையைத் திணிக்காமல் வினாவை விதைத்த வித்தகரே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தகைசால் தலைமையாசிரியர் சந்தனமேரி அம்மையாரே! வணக்கம்.

இத்தனை அடைமொழிகளையும் கேட்டுவிட்டு, “இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்றுதான் கேட்பீர்கள். தங்களிடம் பணியாற்றியவர்கள் வெறுங்கையோடு வருவோமா? ஆதாரத்தோடுதான் வந்திருக்கிறோம்.

காலைதோறும் கரும்பலகையில் தாங்களே ஒரு தவற்றை எழுதிவைத்து, கண்டுபிடித்துக் காரணமும் கூறும் கண்மணிகளுக்குக் கைதட்டல் வாங்கித் தந்தீர்கள். ‘வாசல் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது’ என்று எழுதியிருப்பீர்கள். வாசல் தெளித்திருந்தால், குடம் சாய்ந்திருந்தால் என்று மூன்றாம் வகுப்பே முண்டியடித்து எழும். முதலில் கத்தியவரை விட, வேறு காரணமும் இருக்குமோ என்று யோசித்தவரையே தட்டிக்கொடுத்தீர்கள்.

உள்ளதைச் சொன்னால், பாடம் முடிக்க முடியாமல் நாங்களும் எரிச்சல்பட்டதுண்டு. ஊருக்கோ இன்னும் எரிச்சல். வீட்டில் பிள்ளைகள் எதிர்த்துக் கேட்கிறார்கள் என்று பெற்றோர் கொதித்தனர். தங்களை மாற்றாவிட்டால் மகள் ஹரிணியைத் தனியார் பள்ளியில் சேர்ப்பதாக உடையப்பன் கூட்டத்தில் அறிவித்தார். அவர் பின்னால் நாலு வீடு கிளம்பினால் பள்ளியையே மூடவேண்டிய நிலை. தாங்கள் அசரவில்லை. மறுநாள் காலையும் கரும்பலகையில் ஒரு தவறு காத்திருந்தது.

பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டதாக ஒரு வீடியோ செல்பேசிகளில் பரவியது அதன் பிறகுதான். போர்வை விற்க வந்த வடநாட்டு இளைஞர் மனோஜைப் பேருந்து நிறுத்தத்தில் ஊரே வளைத்துக்கொண்டது. கயிறும் வந்தது, கம்பும் வந்தது. கம்போடு முன்னால் நின்றவர் உடையப்பன். அவர் கையிலிருந்த செல்பேசியை எட்டிப் பார்த்த மூன்றாம் வகுப்பு ஹரிணி கேட்டாள்:

“அப்பா, இதுல கடை போர்டு எதுலயும் தமிழே இல்லையே. எல்லாரும் ஸ்வெட்டர் வேற போட்டிருக்காங்க. இது நம்ம ஊருதான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

உடையப்பன் மறுபடியும் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டினார். ஊரில் ஒரு பிள்ளைகூடக் காணாமல் போகவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஓங்கிய கம்பு இறங்கியது, மனோஜ் பிழைத்தார்.

மறுநாள் உடையப்பன் பள்ளி வாசலில் நின்றபோது, ஹரிணிக்கு டி.சி. கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் ஆதாரமே இல்லாமல் முடிவுகட்டினோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன மகள் நின்றாள்.

“டீச்சர், இவளையும் சேத்துக்கங்க. இவளும் என்னைய எதுத்துக் கேக்கட்டும்.”

அன்று வென்றது தாங்கள்! தங்களோடு வென்றது இந்தப் பள்ளி!

ஆசானுக்கெல்லாம் ஆசானே! அன்பும் ஆரோக்கியமும் அணிசேர, தங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே மருத்துவர்கள் களைத்துப்போகும்படி, நூறாண்டு நலமுடன் வாழ்க!

சற்றுமுன் தங்கள் தோளில் நாங்கள் போர்த்தியது கடையில் வாங்கிய பொன்னாடை அன்று. மனோஜ் தம் மூட்டையிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்துத் தந்த போர்வை. இந்த மே மாத வெயிலில் புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் புகழுரைக்கு அவர்தான் ஆதாரம்.

தங்கள் கேள்விகளுக்கு இன்றும் பயப்படும்,
ஆசிரியர்களும் சத்துணவுப் பணியாளர்களும்