முப்பத்திநாலு அங்குலச் சட்டம்

— மூச்சை உள்ள இழுங்க ஐயா. இன்னும் கொஞ்சம்.

— இழுத்துட்டேன் மாஸ்டர். இதுக்கு மேல இழுத்தா வயிறு முதுகுப் பக்கமா வந்துடும்.

— பேண்ட் கொக்கி இன்னும் ஒரு கை அகலம் தள்ளி நிக்குதே.

— அரை மணி நேரத்துல உன் கடைக்கு மேல் மாடியில, சபையில நிக்கணும்யா. நிதி மந்திரி நான், நாடே டிவில பாக்கும். இந்தச் சட்டம் தோத்துச்சுன்னா நாளைக்கு மந்திரி பதவியும் கிடையாது.

— என்ன சட்டமுங்க? காலையிலேர்ந்து ரேடியோவுல அதே பேச்சா இருக்கு.

— வரவுக்கு மேல அரசாங்கம் ஒரு காசு செலவு பண்ணக் கூடாது. கடன் வாங்கவே கூடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

— நல்ல பேச்சுதான், என் சம்சாரம் தினம் சொல்றா. கொக்கிய விடுங்க ஐயா, தெறிச்சா என் கண்ணுலதான் படும்.

— நீ மட்டும் கடன் வாங்கியா குடும்பம் நடத்துறே?

— பின்ன? தையல் மெஷினே தவணையில வாங்கினதுதான். அது இல்லேன்னா ஐயாவுக்கு யாரு பேண்ட் தைக்கிறது?

— அது வேற, இது வேற.

— சரிங்க. போன வருஷம் வெள்ளத்துல பாலம் போச்சே, அத எதுல கட்டினீங்க?

— கடன்லதான்.

— என் மக அதுல நடந்துதான் பள்ளிக்கூடம் போறா. அடுத்த வெள்ளம் வந்தா ஆத்துகிட்ட போய் சட்டத்த வாசிச்சுக் காட்டுவீங்களா?

— கிண்டலா? அவசரம்னா, மூணுல ரெண்டு பங்கு பேரு ஒத்துக்கிட்டா கடன் வாங்கலாம். ஏழாவது பிரிவுல போட்டிருக்கு.

— அவங்க ஒத்துக்கறதுக்குள்ள வெள்ளம் தலைக்கு மேல போயிடும். அப்புறம் சாண் என்ன, முழம் என்ன.

— நீ பேண்டைப் பாரு. தையலப் பிரிச்சு, உள்ள மடிச்சிருக்கிற துணிய வெளிய விடு.

— உள்ள துணியே விடலீங்க.

— என்னது?

— பதினோரு வருஷமா நீங்க இடுப்பு முப்பத்திநாலுன்னு சொல்வீங்க. நானும் நோட்டுல முப்பத்திநாலுன்னு எழுதிட்டு, துணிய முப்பத்தெட்டுக்கு வெட்டுவேன். உள்ளயும் ரெண்டு அங்குலம் மடிச்சு விடுவேன். நீங்க சந்தோஷமா போட்டுட்டுப் போவீங்க. பெரிய மனுஷங்களுக்கு அப்படித்தான் தைக்கணும்.

— இந்தத் தடவை மட்டும் உனக்கு என்ன கேடு?

— போன வாரம் நீங்கதானே போன் போட்டீங்க? "சட்டம் கொண்டு வர்றவன் முன்மாதிரியா இருக்கணும், ஒரு நூல் அதிகம் விடாதே"ன்னு. மந்திரி வாக்காச்சேன்னு அப்படியே வெட்டிட்டேன்.

— எனக்கு அழுகையே வருதுய்யா. நான் காப்பிய கொட்டிக்கிட்டேனே, அந்தப் பேண்டையே குடு.

— வாளியில ஊறிட்டு இருக்குங்க.

— சபைக்கு முதல் மணி அடிச்சுட்டான். வேற என்னதான் இருக்கு உன்கிட்ட?

— எதிர்க்கட்சித் தலைவரோடது ஒண்ணு இஸ்திரிக்கு வந்திருக்கு. நாப்பது அங்குலம், தாராளமா இருக்கும். ஆனா கடனாத்தான் வாங்கணும்.

— கொண்டா.

— மூணுல ரெண்டு பங்கு பேரு ஒத்துக்கணுமேங்க?

— இங்க இருக்கிறதே ரெண்டு பேரு. நான் ஒத்துக்கிட்டேன், உன் கால்ல வேணாலும் விழறேன், நீயும் ஒத்துக்கோ.