வாசிக்கிற பல்லு

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா மடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குத் திங்கிற பல்லு வேற, வாசிக்கிற பல்லு வேற" என்றார் பக்கத்துப் பெண்ணிடம்.

"என்னக்கா சொல்றீக?"

"அவுக நாதசுரம் வாசிக்கிறாக. பல்செட்டு ரெண்டு வச்சிருக்காக. திங்கிற செட்ட மாட்டிக்கிட்டு ஊதுனா வெறுங்காத்துதான் வரும். வாசிக்கிற செட்டுல இட்லியக்கூட மெல்ல முடியாது."

"அது சரி. இப்ப எங்கன போறீக?"

"கம்பத்துல கல்யாணம். காலையில பணியாரத்தத் தின்னுட்டு, அதே பல்லோட கெளம்பிப் போயிட்டாக. வாசிக்கிறது இந்தா, டப்பாக்குள்ள கெடக்கு."

"ஆத்தாடி! முகூர்த்தம் எப்ப?"

"பத்தரைக்கு."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உடனே டிரைவரைப் பார்த்துக் கத்தினார்:

"அண்ணே, சின்னமனூர்ல டீக்கு எறங்கிராதீக. பல்லு போய்ச் சேந்தாத்தான் அங்கன தாலி!"