துடைப்பத்தோடு ஒரு நடை

வைட்ஃபீல்ட் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே அபார்ட்மெண்டில் வீட்டுவேலை செய்கிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. அவர்களில் வயதில் பெரியவர் சொன்னதைக் கேட்டு நான் இயர்போனைக் கழற்றினேன்.

"துடைப்பம் இல்லாம நடந்தா பிடிச்சுடறாங்கடி."

"என்னக்கா சொல்ற?"

"சுகருக்கு தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாங்க இருக்கற ஈஜிபுராவுல எங்க நடக்கறது? வாசல்லயே பைக்கு, அதைத் தாண்டினா சாக்கடைக்குத் தோண்டின பள்ளம். அபார்ட்மெண்ட்லதான் மரமெல்லாம் வச்சு நடக்கறதுக்குன்னே பாதை போட்டிருக்காங்களே, வேலை முடிஞ்சு ரெண்டு சுத்து போனேன். யாரோ மாடியிலேர்ந்து போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. எந்த வீட்டை நோட்டம் விடறேன்னு கேட்டு வாச்மேன் பையைத் தொறக்கச் சொன்னான்."

"அய்யோ! அப்புறம்?"

"இப்போ கையில துடைப்பத்தோட நடக்கறேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல."

இளையவள் யோசித்தாள். "எனக்கும் பி.பி. இருக்குக்கா. நாளைக்கு நானும் ஒரு துடைப்பத்தோட வரவா?"

பெரியவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பாதைக்கு எதுக்கு ரெண்டு துடைப்பம்னு சந்தேகம் வந்துரும். நீ வாளி எடுத்துக்கோ."