சாவிக்காரன் வரும் பகுதி

மார்ச் 9, சனிக்கிழமை.

சென்ற வாரக் குறிப்பில் ஒரு சிறு தவறு இருக்கிறது. ‘மணிக்கூண்டு வீடு’ கார்ட்டூனின் பதினோராம் பகுதி ஒலியில் இருந்த இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்தேன் என்று எழுதியிருந்தேன். அது சரியல்ல. சாவிக்காரன் பேசும் இடத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, என் குரலில் புதிதாகப் பதிவு செய்து சேர்த்திருந்தேன். நீங்கள் கேட்டுப் பார்த்துவிட்டு ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தீர்கள், சார். அதைப் படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கியது போல் இருக்கிறது.

மாலை வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. எடிட்டிங் கற்றுக்கொள்கிறவன் தினம் எழுத வேண்டும். என்ன செய்தான், எப்படிச் செய்தான், எங்கே பிசகினான், நாளைக்கு என்ன வேலை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றீர்கள். நான் எதையும் உருப்படியாக முடித்தவன் இல்லை. பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறேன். ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துத் திட்டு வாங்குகிறேன். இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறேனா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

‘மணிக்கூண்டு வீடு’ எங்கள் தெருப் பிள்ளைகளெல்லாம் உயிராக நினைத்த கார்ட்டூன். பழைய மணிக்கூண்டுக்குள் மூன்று எலிக்குஞ்சுகள். அம்மா எலி வேலைக்குப் போனதும் சாவிக்காரன் வருவான். நெட்டையான ஆள். முகத்தைக் காட்டவே மாட்டார்கள். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அவனால் திறக்க முடியாத பூட்டு கிடையாது. முதலில் சாவிச் சத்தம் கேட்கும், அப்புறம் கதவிடுக்கில் நிழல் விழும். அதற்குள் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள வேண்டும். மூச்சுக்கூட விடக் கூடாது. அகப்பட்டால் பையில் போட்டுக் கட்டிவிடுவான்.

அப்போது அந்தத் தெருவில் வீடியோ டெக் இருந்தது நர்ஸ் அக்கா வீட்டில் மட்டும்தான். அன்றைக்கு அவள் நர்ஸ் இல்லை, பள்ளிக்கூடப் பெண். லாரி அண்ணனும் லாரி ஓட்டவில்லை, மூக்கு ஒழுகும் பையன். எனக்கு ஐந்து வயது. சாவிச் சத்தம் கேட்டதும் மூவரும் சோபாவுக்குப் பின்னால் பாய்வோம். அக்கா நடுவில் இருந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொள்வாள். அவள் கை ஐஸ்கட்டி போலச் சில்லென்று இருக்கும். என் வாழ்க்கையில் நான் தனியாக இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடம் அந்தச் சோபாவின் பின்பக்கம் ஒன்றுதான்.

போன ஆண்டு ஒரு வீடியோ கடையை மூடினார்கள். லாரி அண்ணன் அங்கிருந்து ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். அதில் ‘மணிக்கூண்டு வீடு’ முழுவதும் இருந்தது. நர்ஸ் அக்கா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அவளும் மகளும் மட்டும். மகளுக்கு ஆறு வயது, எல்லாரும் பட்டாணி என்று கூப்பிடுவோம். பழைய டெக்கைத் துடைத்து ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. சனிக்கிழமை மதியங்களில் கூடுவதென்று ஆயிற்று. கேசட் தேய்வதற்குள் எல்லாவற்றையும் டிவிடியாக்கி ஆளுக்கொரு பிரதி கொடுப்பது என் பொறுப்பு.

முதல் சனிக்கிழமை சாவிச் சத்தம் வந்த இடத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடப்பாவி, நாலே நாலு படத்த வரஞ்சு வச்சுக்கிட்டு அதையே மாத்தி மாத்தி நடக்க விட்டிருக்கான்,” என்றார் லாரி அண்ணன். “இதுக்கா நான் டவுசர நனைச்சேன்?”

“நீங்க எதுக்குத்தான் நனைக்கல?” என்றாள் அக்கா.

“என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? சாவிக்காரன் பார்சல்ல வந்துரப் போறான், பார்த்துப் பிரி.”

“சும்மா இருங்க, அவன் பாவம்,” என்றாள் அக்கா.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தது பட்டாணி மட்டும்தான். அவள் கதவுத் திரைக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். திரைக்குக் கீழே இரண்டு குட்டிப் பாதங்கள் தெரிந்தன. அந்த வீட்டில் கார்ட்டூனை ஒழுங்காகப் பார்த்தது அவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, சார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பொருள் ஒன்றைத் தொலைத்துவிட்டு, தொலைத்ததே தெரியாமல் இருப்பவர்களைப் பார்த்தால் வருகிற வருத்தம்தான் வந்தது. என்னிடம் கருவி இருந்தது, நீங்கள் கற்றுக்கொடுத்த முறையும் இருந்தது. தேடிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

லாரி அண்ணனுக்கு முதலில் செய்தேன். விடியற்காலையில் அவர் வீட்டுக் கேட்டைப் படம் பிடித்தேன். அதன்மேல் கோடு வரைந்து, வண்ணத்தை மங்கவைத்து, ஒரு பழைய கேசட்டில் ஏற்றி இறக்கினேன். அப்போதுதான் திரையின் அடியில் ஓடுகிற அந்த வெள்ளைக் கோடு இயல்பாக வரும். அவருடைய பிரதியில், சாவிக்காரன் நடந்து போகிற தெருவின் கடைசியில் அந்தக் கேட்டை வைத்தேன். ஒரு கண்சிமிட்டும் நேரம்தான். அடுத்த பகுதியில் கேட்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தேன். அதற்கடுத்ததில் கேட் திறந்திருந்தது.

அவர் போன் செய்தார். “தம்பி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. அந்தக் கார்ட்டூன்ல எங்க வீட்டு கேட்டு மாதிரி ஒண்ணு வருதா?”

“என் பிரதியில அப்படி எதுவும் இல்லையேண்ணே.”

“அது சரி. லாரியில தூக்கம் கெட்டு ஓட்டுறேன்ல, அதான்.”

அதன்பிறகு அவர் சாவிக்காரனைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை. தன் வீட்டுச் சாவியை இடுப்பில் மாட்டாமல் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைக்கிறார். எனக்கு அதில் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். வேலை பலன் தந்தது என்று குறித்துக்கொண்டேன்.

நர்ஸ் அக்காவிடம் அது பலிக்கவில்லை. அவள் பிரதியில் அவள் வீட்டுப் பச்சைக் கதவையே வைத்தேன். பார்த்துவிட்டு, “நம்ம கதவு மாதிரியே இருக்குல்ல,” என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆயப் போய்விட்டாள். பதினோராம் பகுதியில் என் குரலைச் சேர்த்தது அதற்குப் பிறகுதான். சாவிக்காரன் அவள் சின்ன வயதுப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதற்கும் அவள் அசையவில்லை.

நேராகவே கேட்டேன். “அக்கா, உனக்கு இப்பல்லாம் பயமே வராதா?”

“தினம் வார்டுல பார்க்காததையா இவன் காட்டப்போறான்? பயப்படறதுக்கு எனக்கு நேரம் ஏதுடா.” அப்புறம் தரையில் படம் வரைந்துகொண்டிருந்த பட்டாணியின் தலையைக் கோதினாள். “இவளுக்கு ஏதாவதுன்னாத்தான். அத நினைச்சாலே கை காலு சில்லிட்டுப்போகும்.”

நான் யோசனை கேட்டேன், அவள் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது.

பட்டாணிக்கென்று தனியாக ஒரு டிவிடி செய்தேன். இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன், ஆனாலும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மூத்த எலிக்குஞ்சு திரையைப் பார்த்துப் பேசும். வாயசைவு சரியாகப் பொருந்தியிருக்கிறது. “பட்டாணி, இன்னிக்கு அவன் உன் வீட்டுக்கு வர்றான். மாடி ரூம்ல இருக்கிற மரப்பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கோ. மூடிய சாத்திக்கோ. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாத. அவன் உங்கம்மா குரல்லயே கூப்பிடுவான்.”

அந்தக் கடைசி வரியை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. அது இல்லாவிட்டால் முதல் கூப்பாட்டிலேயே பிள்ளை வெளியே வந்திருக்கும்.

மாடி அறை என்பது மொட்டை மாடியில் தகரம் வேய்ந்த ஒரு சாமான் அறை. பழைய மெத்தை வைக்கிற மரப்பெட்டி அங்கே கிடக்கிறது. போன மாதம் அதை மேலே ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. விரல் நுழையும் என்று நினைக்கிறேன்.

நேற்று அக்கா வீட்டுப் பக்கம் போனபோது டிவிடியைப் பட்டாணி கையில் கொடுத்தேன். இது உனக்கு மட்டும், நாளைக்கு அம்மா குளிக்கப் போகும்போது பார் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

இன்று மதியம் நான் போனபோது அக்கா வாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“தம்பி, பட்டாணியக் காணோம்டா. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள. டிவி ஓடிக்கிட்டிருக்கு, புள்ளயக் காணோம்.”

உள்ளே போய் முதலில் டிவிடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். லாரி அண்ணன் வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அறை அறையாகப் போய், கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் பார்த்துக் கூப்பிட்டாள். “பட்டாணி, அம்மாடி, அம்மா கூப்பிடறேன்டி, வாடி.” அந்தக் குரல் மாடி வரைக்கும் கேட்கும்.

“நான் தெருவ பார்க்கறேன்,” என்றார் லாரி அண்ணன். “தம்பி, நீ மாடிக்குப் போ.”

நான் போனேன். சாமான் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. உள்ளே அனலாக இருந்தது. மரப்பெட்டியின் மூடிக்கு வெளியே பாவாடையின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளே சின்னதாக ஒரு விசும்பல். பையிலிருந்த என் சாவிக்கொத்தை எடுத்து மெல்ல ஆட்டினேன். விசும்பல் சட்டென்று நின்றது.

ஒரு சத்தமும் இல்லை, சார். நாங்கள் மூவரும் சேர்ந்தும் அவ்வளவு நன்றாக ஒளிந்ததில்லை. எனக்கும் சோபாவுக்குப் பின்னால் இருந்த அதே பயம் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் பாவாடை ஓரத்தை உள்ளே தள்ளினேன். யாராவது வந்து சும்மா மூடியைத் தூக்கிப் பார்த்துவிடக் கூடாதே என்று கொண்டியை மாட்டினேன். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

“மேல இல்லக்கா. ரூம் பூட்டியிருக்கு,” என்றேன்.

போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். மாடியைப் பார்த்தாயிற்றா என்று கேட்டார்கள். “தம்பி பார்த்துட்டான் சார்,” என்றாள் அக்கா. அவர்கள் பேருந்து நிலையப் பக்கம் போனார்கள். லாரி அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். அக்கா நிற்க முடியாமல் சோபாவின் பின்பக்கச் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சார், அது சில்லென்று இருந்தது. இத்தனை வருடம் கழித்து அதே சில்லிப்பு.

“என்ன விட்டுப் போயிராதடா,” என்றாள்.

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டதால் கிளம்பி வந்தேன்.

சில குறைகள் இருக்கின்றன. பெட்டிக்குள் தண்ணீர் வைத்திருக்கலாம், தோன்றவில்லை. மூடி நான் நினைத்ததைவிட இறுக்கமாகப் பொருந்துகிறது. வெயில் இறங்கிவிட்டதால் தகரச் சூடு இனிக் குறைந்துவிடும். இன்றைக்கே திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கார்ட்டூனில் ஒளிந்த குஞ்சுகள் விடிந்த பிறகுதான் வெளியே வரும், அம்மா எலி வந்து கட்டிக்கொள்ளும். அதை அவசரப்படுத்தினால் அக்காவுக்குப் பாதிதான் திரும்பக் கிடைக்கும். நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அந்தப் பிள்ளை பத்திரமாக ஒளிந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், கவனமாக இருக்க வேண்டிய பொறுப்பும் என்னுடையது.

நாளைய வேலை: வகுப்புக் கேமராவின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவைக்க வேண்டும். விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய், மாடியை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு ஏற வேண்டும். அறையில் வெளிச்சம் போதாது. சாவி படியில் கிடந்தது என்று சொல்லிப் பூட்டைத் திறந்து, கதவை முழுவதும் விரித்து வைக்க வேண்டும். கொண்டியை அக்காவே கழற்றட்டும். மூடி திறக்கும்போது அவள் முகம் மறையாதபடி, பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் நான் நிற்க வேண்டும்.