பெயின்டின் மேல் எடுத்த அளவு

பெயர் சௌமியா, வயது 23, தந்தை பெயர் ஜம்புலிங்கம், டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் வசிக்கிறேன். தீவை விட்டு மெயின்லேண்டில் ஒரு கல்லூரியில் மீயொலிப் பொறியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் தனி ஆய்வுக்காக, கடலில் ஓடும் போட்டுகளின் இரும்புத் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று துளைக்காமல் மீயொலிக் கருவியால் அளக்க வேண்டியிருந்தது. மார்ச் 6ஆம் தேதி காலை, டாலிகஞ்ச் ரவிக்குமார் என்பவர் கரையேற்றியிருந்த தன் சரக்கு போட்டை அளக்க அனுமதித்தார். அங்கே வெல்டர் கோவிந்தராஜ், விரிசல் ஒன்று விழுந்திருந்த அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, தகடு மாற்றியே ஆக வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். ரவிக்குமாரோ அதற்குள் புது பெயின்ட் அடித்து பூஜையும் போட்டு முடித்திருந்தார்.

கோவிந்தராஜ் என்னிடம், "மேடம், பெயின்ட்ட சுரண்டிட்டு வச்சுப் பாருங்க. ஆறு வருஷமா மேல மேல அடிச்ச பெயின்ட், பஹுத் மோட்டா ஹை, ரொம்ப தடியா இருக்கு" என்றார். ரவிக்குமார், "பொட்டு வச்ச போட்ட சுரண்டுவாங்களா? மேலயே வச்சுப் பாரும்மா" என்றார். எனக்கும் சந்தனப் பொட்டுகளைச் சுரண்ட மனம் வராமல், பெயின்டின் மேலேயே ஜெல் தடவி அளந்தேன். பெயின்டில் ஒலி மெதுவாகப் போவதால் கருவி அதையும் இரும்பென்று கூட்டிக் காட்டும் என்பது முதல் செமஸ்டர் பாடம். அதில் நான் நல்ல மார்க் வாங்கியவள்.

முப்பத்தொன்பது இடங்களில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் காட்டியது. ஏணி உரசிப் பெயின்ட் பெயர்ந்திருந்த ஓரிடத்தில் மட்டும் 2.2 காட்டியது. அதன் பிறகு மூன்று முறை வைத்துப் பார்த்தும் அதே அளவு வர, கருவியின் பிசகு என்று எண்ணி அதை நோட்டில் அடித்துவிட்டு, தகடு நன்றாக உள்ளது என்று எழுதிக் கொடுத்தேன். ரவிக்குமார் அந்தத் தாளைக் கோவிந்தராஜிடம் நீட்டி, "படிச்ச பொண்ணு மெஷின் வச்சுப் பாத்திருக்கு. நீ அந்த ஒரு விரிசல மட்டும் ஒட்டிட்டுப் போ" என்றார். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு 14ஆம் தேதி, ஜெட்டித் துறையை நெருங்கும்போது அடித்தகடு பிளந்து போட் சாய்ந்து, சரிந்த சிமென்ட் மூட்டைகளில் சிக்கிய டிரைவர் காதரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வெல்டிங் விட்டதே காரணம் என்று ரவிக்குமார் கொடுத்த புகாரில் கோவிந்தராஜ் காவலில் இருக்கிறார். நேற்று, கரைக்கு இழுத்த போட்டைக் காவலர் முன்னிலையில் சுரண்டி அளந்தேன். எங்குமே இரண்டரைக்கு மேல் இல்லை. கோவிந்தராஜ் வைத்த வெல்டிங் அப்படியே இருக்கிறது.

அப்பா, "மெஷின் கோளாறுன்னு சொல்லிடும்மா, படிப்பு போயிரும்" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கருவி சரியாகவே இருந்தது.

மேற்படி யாவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ‘கருவியின் பிசகு என்று எண்ணி’ என்ற வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன். 2.2 வந்தபோதே மற்ற முப்பத்தொன்பதும் தவறு என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதலிலிருந்து அளக்கச் சோம்பலாக இருந்தது. இன்ஸ்பெக்டர், "நல்லா யோசிச்சியாம்மா?" என்றார். யோசித்தேன் என்றேன். அடித்த வரியின் அருகிலும் கீழேயும் கையொப்பமிட்டுள்ளேன்.

(ஒப்பம்) ஜ. சௌமியா