விற்காத பங்குகள்

— அம்மா, ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டர் பொய் சொல்லணும், இல்ல இந்த வரிக் கடுதாசி பொய் சொல்லணும். மில் பங்கு அத்தனையும் அக்டோபர்லயே வித்தாச்சுன்னு புரோக்கர் கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கான். அப்பாவோட கணக்கு புரோகிராம்ல நாலாயிரம் பங்கும் அப்படியே இருக்கு.

— மெதுவாப் பேசு கிரெட்சன். அப்பா உள்ள படுத்திருக்காரு.

— யாரு வித்தது?

— நான்தான்.

— முப்பத்தோரு வருஷம் பேப்பர் மில்லுல உடம்பைத் தேய்ச்சுச் சேர்த்ததும்மா!

— புத்துநோய் மாத்திரைக்கு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுட்டான். மாசம் பதினாலாயிரம் டாலர். கூட்டுக் கணக்குதானே, என் கையெழுத்தே போதும்னு வித்தேன். வேற எங்கடி போவேன்?

— அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— உங்கப்பனைத் தெரியாதா உனக்கு? "எனக்கப்புறம் நீ யார்கிட்டயும் கையேந்தக் கூடாது. அந்தப் பங்கைத் தொட்டா நான் மருந்தைத் தொட மாட்டேன்"னு சொன்ன ஆளு. இன்சூரன்ஸ்லயே வருதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— அப்ப இந்தப் புரோகிராம்?

— வித்ததை அதுல ஏத்தலை, அவ்வளவுதான். அது பாட்டுக்கு தினம் நெட்லேர்ந்து பங்கு விலையை இழுத்து, நாலாயிரத்தால பெருக்கிக் காட்டுது. காலைல ஓட்ஸ் சாப்பிடறப்போ பார்ப்பாரு. "இன்னைக்கு நானூறு ஏறியிருக்கு, கிழவி"ம்பாரு. அந்தச் சிரிப்போட மாத்திரையையும் வாயில போட்டுக்குவாரு.

— எட்டு டாலருக்கு வாங்கின பங்கும்மா. வித்தது அம்பத்திரெண்டுக்கு. லாபத்துக்கு வரியே நாப்பதாயிரத்துக்குக் கிட்ட வரும். ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள கட்டணும். அப்புறம் மிச்சப் பணம் ஆறு மாச மருந்துக்குத்தான் வரும்.

— ஆறு மாசம் இருப்பாருல்ல? அது போதும் இப்போதைக்கு.

— இருப்பாருன்னு டாக்டர் சொன்னாரா?

— டிசம்பர் ஆரம்பத்துல கட்டி பாதியாச்சுன்னாரு. இந்த மாசம் மறுபடி வளந்திருக்காம். ஏன்னு அவருக்கே புரியலையாம். மருந்தைக் கூட்டலாம்னாரு. வீட்டை அடமானம் வெச்சாவது கூட்டிருவேன்.

— குசுகுசுன்னு பேச வேணாம், ரெண்டு பேரும். சுவரா இது? அட்டை.

— அப்பா! ஏன் எழுந்து வந்தீங்க? உக்காருங்க, விழுந்துருவீங்க.

— ஆர்வில், நான் சொல்றதைக் கேளு... உன்னை ஏமாத்தணும்னு இல்ல...

— அழாத. தப்பு சொல்ல வரலை. வீட்டை மட்டும் தொடாதே.

— எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?

— மில் பங்குக்கு வர்ற டிசம்பர் டிவிடெண்ட் வரலை, லோர்னா. புரோக்கருக்குப் போன் போட்டேன். அன்னைலேர்ந்து ஒரு மாத்திரையும் நான் முழுங்கலை.