தாய்மாமன் மாலை

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் சந்தாபுரா பேருந்தில், முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நாளைக்குக் கல்யாணத்துக்கு நான் வரல. மாப்பிள்ளை வீட்ல கார் கேட்டு வாங்கியிருக்காங்க.”

“அவ உங்க அக்கா பொண்ணு. தாய்மாமன் மாலை போடாம எப்படி மணையில உக்காருவா? கார் கேட்டது அவளா?”

“அவ இல்ல.”

“அப்போ தண்டனை மட்டும் அவளுக்கா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“வரதட்சணை தப்பு. அதுல எனக்கு டவுட்டே இல்ல. நான் போகாம இருக்கறது சரியான்னுதான் தெரியல.”

“உங்க வாயில ‘தெரியல’ன்னு இப்பதான் கேக்கறேன்” என்று அந்த அம்மாள் சிரித்தார்.

மறுநாள் காலை அதே பேருந்தில் அவர் மடியில் ரோஜா மாலை இருந்தது. மண்டபத்தில் சாப்பிட மாட்டாராம். அந்த அம்மாள் இருவருக்கும் புளிசாதம் கட்டி வந்திருந்தார்.